இருக்க அவகாசம்

கொச்சி கலூரில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. போன மாதம் சாம்பார்ப் பொடி எடுக்கப் போனவள், பக்கத்து அடுக்கில் இஞ்சிச் சாயாப் பொடி பாக்கெட் ஒன்றைப் பார்த்துவிட்டு நின்றேன். கையில் எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் கீழ் மூலையில் நகத்தளவுக்கு ஒரு ஸ்டூல் படம். அதற்கடியில் மலையாளத்தில் இரண்டு சொல்: இரிக்கான் அவகாசம். முன்பெல்லாம் அந்தப் படம் தீப்பெட்டி அளவு இருக்கும். அந்த ஸ்டிக்கரை இந்தக் கையால் வருஷக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

தமிழில் அதை உட்காரும் உரிமை என்று சொல்லலாம். அந்த இரண்டு சொல்லும் பாக்கெட்டில் ஏறிய கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படக்கூடிய பங்கா, திருட்டுப் பங்கா என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. சாம்பார்ப் பொடியை மறந்துவிட்டு அந்த பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். கவுண்டரில் இருந்த பெண் நின்றுகொண்டேதான் பில் போட்டாள்.

நான் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் வேலை. எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து எப்போது வந்தார்கள் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து, அம்மா வாங்கும் வாரப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்து வந்தது. பள்ளியில் நான் பாண்டிக்காரி. சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தென்காசி போனால் மலையாளத்தாள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கியதில் கிடைத்த ஒரே லாபம், இரண்டு பக்கத்துக்காரர்கள் பேசுவதும் எனக்குப் புரியும்.

பஜார் ரோட்டில், காயலை ஒட்டி, அந்த பாக்கெட்டைப் போட்ட கம்பெனியின் குடோன் இருந்தது; அங்கேதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். உயரமான ஓட்டுக் கூரை, தடித்த மரக் கதவு. உள்ளே நுழைந்ததும் சுக்கும் மிளகும் ஏலமும் கலந்த வாசனை தொண்டையைப் பிடிக்கும். ஒரு வாரம் போனால் மூக்குக்குப் பழகிவிடும். அப்புறம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்தான் நம்மை முகர்ந்து பார்ப்பார்கள். அந்த வாசனையை இப்போது காசு கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. இந்த பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். ஏதோ வருகிறது, ஆனால் அது இல்லை.

மசாலாப் பொடி, சாயாப் பொடி, சுக்குக் காப்பிப் பொடி, இவைதான் எங்கள் சரக்கு. ஆனால் கம்பெனிக்குப் பெயர் வந்தது சரக்கால் மட்டுமல்ல. வருகிற லாபத்தில் ஒரு பங்கை ஊருக்கு வேண்டிய காரியங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வருஷம் காயலோரம் கண்டல் மரம் நடுகிறவர்களுக்கு. ஒரு வருஷம் அடி வாங்கிய பெண்களுக்குக் கேஸ் நடத்தும் வக்கீல்களுக்கு. இன்னொரு வருஷம் திருநங்கைகள் தங்கும் விடுதிக்கு. எந்த வருஷம் எந்தக் காரியமோ அதன் ஸ்டிக்கர் எல்லா பாக்கெட்டின் பின்பக்கமும் ஏறும். கண்டலுக்குப் பச்சை, கேஸுக்கு ஊதா, விடுதிக்கு மஞ்சள். பழைய ஸ்டிக்கர் மிச்சம் இருந்தால் அதையும் ஒட்டித் தீர்க்க வேண்டும் என்பதால், காலையில் போனதும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்குக் கண்டலா, கேஸா?" என்பதுதான். பெரிய பெரிய தர்மங்களெல்லாம் எங்களுக்கு நிறமாகத்தான் பழக்கம்.

கம்பெனியை நடத்தியது ஒரு பெண். ஐம்பது வயதைத் தாண்டியவர். கைத்தறிப் புடவை, காதில் ஒன்றுமில்லை, குடோனுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிடுவார். மேடம் என்று யாராவது கூப்பிட்டால் கோபம் வரும். "சேச்சி எந்நு விளிச்சால் மதி" என்பார். சேச்சி என்று கூப்பிட்டால் போதும் என்று. அப்படியே கூப்பிட்டோம். மனசுக்குள் எல்லோருக்கும் அவர் மேடம்தான், அது வேறு விஷயம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வேஷம் போடுகிறவர் இல்லை. எங்களில் ஒருத்திக்குக் குடும்பத்தில் பிரச்சினை வந்தபோது போலீஸ் ஸ்டேஷனில் எங்களோடு பெஞ்சில் பாதி நாள் காத்திருந்தவர் அவர்.

விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்பார்கள். எங்கள் விளக்கின் அடியில் பாக்கிங் ஹால் இருந்தது.

ஹாலில் நீளமாக நான்கு மேசை. இடுப்புக்கு மேல் வரும் உயரம். அந்த மேசைக்குப் பின்னால் காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை நிற்போம். பொடி நிறுத்துப் போடுவது, வாயை ஒட்டுவது, ஸ்டிக்கர் பதிப்பது, பெட்டியில் அடுக்குவது, எல்லாம் நின்றபடி. சாயா நேரத்தில் மட்டும் வெளியே வாசல்படியில் உட்காரலாம், அதுவும் ஆடுகள் இடம் விட்டால். மட்டாஞ்சேரியில் ஆடுகள் யாருக்கும் பயப்படாது. நடு ரோட்டில் படுக்கும், கடைப் படியில் படுக்கும். இந்த ஊரில் ஆட்டுக்கு இருக்கிற வசதி பாக்கிங்காரிக்கு இல்லை என்று நான் சொல்வேன், மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வாய் அப்போதே கொஞ்சம் நீளம்.

சேச்சி நாளுக்கு ஒருமுறை ஹாலுக்குள் வருவார். நாங்கள் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்போம். உடனே இரண்டு கையையும் தாழ்த்திக் காட்டி, "இரிக்கூ, இரிக்கூ" என்பார். உட்காருங்கள் என்று. சொல்லிவிட்டு மறுபக்கக் கதவால் போய்விடுவார். எங்கே உட்கார? தரையிலா? அவர் போனதும் நான் அதே மாதிரி கையைத் தாழ்த்தி "இரிக்கூ" என்று நடித்துக் காட்டுவேன். வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நாங்கள் அவரைப் பார்த்து மரியாதைக்காக எழுந்து நிற்கிறோம் என்று அவர் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். மேசை மறைத்ததில் எங்களுக்குப் பின்னால் ஸ்டூல் இல்லை என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நல்லவரிடம் குறை சொல்வது கெட்டவரிடம் சொல்வதைவிடக் கஷ்டம். அதோடு சூப்பர்வைசர் சேட்டனுக்கு ஒரு நம்பிக்கை: "இருந்நால் உறக்கம் வரும்." உட்கார்ந்தால் தூக்கம் வரும், கை சோம்பும் என்று. கெட்டவர் இல்லை; அவரும் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த மனிதர்தான்.

ஹாலில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவள் வேலைக்கு வந்தது விடுதி வருஷத்தில், அதாவது மஞ்சள் ஸ்டிக்கர் காலத்தில். தென்காசிப் பக்கத்துக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு வந்து, மூச்சிரைப்பு வந்து, பாதி நாள் வீட்டில் கிடந்தார். ஒரே மகள் ஊரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கை வேகம் ஹாலில் யாருக்கும் கிடையாது. ஆனால் கால் போய்க்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாக முறுக்கிக்கொண்டு, சாயங்காலமானால் பாதம் வீங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். பகலில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பாள், கொக்கு மாதிரி.

மலையாளம் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தமிழ் மாதிரியே இருக்கிற மொழி என்பதுதான் அவளுக்கு வந்த வினை. புரியாத மொழியாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்வாள். இது புரிந்த மாதிரியே இருக்கும், அர்த்தம் வேறாக இருக்கும். ஓணத்துக்கு முந்தின மாதம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். கம்பெனி எல்லோரையும் கூட்டி இந்த வருஷம் எந்த உரிமைக்குத் துணை நிற்பது என்று பேசப் போகிறது என்பது சேதி. நான் சத்தமாக வாசித்தேன்: "ஈ கொல்லத்தெ அவகாசம்." கொல்லம் என்றால் மலையாளத்தில் வருஷம். அவகாசம் என்றால் உரிமை. இந்த வருஷத்து உரிமை.

அக்கா கையிலிருந்த பாக்கெட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏ பிள்ள, ஈ கொல்லதுக்கா அவகாசம் குடுக்காவ? இங்க சுக்குல ஈ மொய்க்கி, நெசந்தான். அதுக்குன்னு தனியா நேரமா?"

அன்றைக்கு ஹாலில் யாரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. சிரித்துச் சிரித்து ஒருத்தி பொடியைக் கொட்டிவிட்டாள். கொல்லம் என்றால் வருஷம் என்று நான் அக்காவுக்கு விளக்கினேன். அவகாசத்தை விளக்கவில்லை. சிரிப்பில் விட்டுப்போயிற்று. அவளுக்கு அவகாசம் என்றால் தமிழ் அவகாசம்தான்: கொஞ்சம் காலம், கொஞ்சம் தவணை. இந்த வருஷம் கம்பெனி யாருக்கோ காலம் நீட்டித் தரப் போகிறது என்று அவள் மனசில் பதிந்துவிட்டது.

அந்த வாரமே சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கால் முடியாமல் அடிக்கடி சுவரில் சாய்கிறாள், மேசை தாமதமாகிறது. ஓணம் வரைக்கும் பார்க்கலாம், அதற்கப்புறம் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொன்னால் சண்டையாவது போடலாம்.

அக்கா என்னிடம் வந்து அழவில்லை. விரலை மடக்கி மாதம் எண்ணினாள். "மார்ச்சு மாசம் மவளுக்குப் படிப்பு முடிஞ்சிரும். அதுவரைக்கும் என்னய விட்டுட்டாவன்னா போதும். பெறவு நானே போயிருவேன்."

சேச்சியிடம் நேராகச் சொல்லலாம் என்றேன். அப்போது அவள் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "அந்தம்மாவுக்கு என் மேல இஷ்டந்தான். தெனமும் வந்து என்னயப் பாத்துத்தான 'இரு, இரு'ங்காவ? மொதலாளியே இருன்னு சொல்லும்போது இவரு யாரு போகச் சொல்ல?"

சேச்சி சொன்ன இரிக்கூ வெறும் உட்காரு. அக்காவின் காதில் அது இங்கேயே இரு, போகாதே. ஓட்டை என்று தெரிந்தாலும் ஒருத்தி பிடித்துக்கொண்டிருக்கிற குடையைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் குடோன் முற்றத்தில் நடந்தது. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, பழப்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி, சாயா. கேஸ் நடத்தும் வக்கீலம்மா வந்திருந்தார், கண்டல்காரர்கள் வந்திருந்தார்கள், விடுதியிலிருந்து நாலு பேர் பட்டுப்புடவையில் வந்து எங்கள் எல்லோரையும்விட அழகாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து, இந்த வருஷம் எந்தக் காரியத்துக்கு ஸ்டிக்கர் போடலாம் என்று பேசினார்கள். நல்ல பேச்சுதான். எனக்குப் பழப்பொரியின் மேல் கண்.

கடைசியில் சேச்சிக்கு என்ன தோன்றிற்றோ, மைக்கை எடுத்துக்கொண்டு பின் வரிசைக்கு வந்துவிட்டார். "பாக்கிங்கில் உள்ளவர் ஒந்நும் பறஞ்ஞில்லல்லோ. தமிழாயாலும் மதி." பாக்கிங்காரர்கள் ஒன்றும் பேசவில்லையே, தமிழிலே சொன்னாலும் போதும் என்று. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அக்கா எழுந்துவிட்டாள். மைக்கை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு மாதமாக மனசில் ஓட்டிப் பார்த்த வாக்கியம் என்பது அவள் சொன்ன விதத்தில் தெரிந்தது. ஊர்ப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு, மனு கொடுப்பவளைப் போலச் சொன்னாள்.

"எனக்கு இங்க இருக்க இன்னும் கொஞ்சம் அவகாசம் வேணும்."

தமிழ் தெரிந்த எனக்கு அது ஒரு கெஞ்சல். இங்கே வேலையில் இருக்க இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். மலையாளம் தெரிந்த முற்றத்துக்கு அது வேறாகக் கேட்டது. இருக்க என்றால் இரிக்கான், உட்கார. அவகாசம் என்றால் உரிமை. எனக்கு இங்கே உட்கார உரிமை வேண்டும். முதலில் வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் யாரோ ஒருவர் கை தட்டினார்.

சேச்சி புரியாமல் என் பக்கம் திரும்பினார். "மோளே, எந்தா பறஞ்சது?" மகளே, என்ன சொன்னார் என்று.

இங்கேதான் என் பங்கு. சரியான மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியும். வேலையில் தொடர்ந்து இருப்பதற்கு மலையாளத்தில் நில்க்குக என்பார்கள். நிற்பது. "ஜோலியில் நில்க்கான் குறச்சு சமயம் வேணம்" என்று சொல்லியிருக்க வேண்டும். வேலையில் நிற்கக் கொஞ்சம் காலம் வேண்டும். நிற்க! அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. என் காலும் அன்று காலையிலிருந்து நின்ற கால்தான். குதிகாலில் ஆணி இறங்கினாற்போல் வலி. அந்த வலிதான் பேசிற்று என்று நினைக்கிறேன்.

"இரிக்கான் உள்ள அவகாசம் வேணமெந்நு," என்றேன். "பாக்கிங்கில் ராவிலெ முதல் நிந்நு நிந்நு காலு வய்யா சேச்சி. ஒற்ற ஸ்டூல் இல்ல."

காலையிலிருந்து நின்று நின்று கால் முடியவில்லை, ஒரு ஸ்டூல்கூட இல்லை. சேச்சியின் முகம் வெளுத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "நிங்கள் என்னெக் காணும்போள் எணீற்று நில்க்குந்நதல்லே?" என்று கேட்டார். என்னைப் பார்த்து எழுந்து நிற்பதில்லையா அது? அவர் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு நேராக ஹாலுக்குள் போனார். மேசைக்குப் பின்னால் போய் நின்று, குனிந்து, கீழே பார்த்தார். வெறும் தரை. வெளியே வந்தபோது அவர் அழுதிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாளில் ஸ்டூல்கள் வந்தன. மேசை உயரத்துக்குத் தகுந்த மாதிரி உயரமான ஸ்டூல், கால் வைக்கக் குறுக்குச் சட்டம் போட்டது. சூப்பர்வைசர் சேட்டனே ஆசாரியைக் கூட்டி வந்து அளவு கொடுத்தார்; பிறகு தன் யோசனை மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். யாருக்கும் தூக்கம் வரவில்லை. அந்த வருஷத்து உரிமை என்ன என்பதில் சந்தேகமே இல்லை. ஆரஞ்சு ஸ்டிக்கர், நடுவில் ஸ்டூல். நாள் முழுக்க நிற்கிற துணிக்கடைப் பெண்களுக்காகப் பேசுகிறவர்களுக்கு அந்த வருஷப் பங்கு போயிற்று. அக்காவின் படம் கம்பெனி வருஷாவருஷம் போடும் புத்தகத்தில் வந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருப்பாள், கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி.

ஓணம் வந்தது, போயிற்று. புத்தகத்தில் படம் வந்தவளை யார் போகச் சொல்வார்கள்? அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். இவள் அழுதது ஒன்றுக்கு, கிடைத்தது இன்னொன்று, வயிறு நிறைந்துவிட்டது. உட்கார்ந்து வேலை செய்ததில் கால் வீக்கம் வடிந்து, அவள் கை பழைய வேகத்துக்கு வந்தது. அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. வரிசையாக உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஸ்டிக்கர் ஒட்டியபடி ஊர்க்கதை பேசுவோம். ஜன்னலுக்கு வெளியே காயலில் படகு போகும். அக்கா மாதத்துக்கொருமுறை என்னிடம் கேட்பாள், "அந்தம்மா எதுவரைக்கும்னு சொன்னாவளா பிள்ள?" நான் பேச்சை மாற்றுவேன்.

மார்ச் முடிந்த அன்று ஏப்ரனை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள். மகளுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்துவிட்டதாம். "கேட்ட அவகாசம் தீந்துட்டு. சொன்ன சொல்லு மாறக் கூடாதுல்லா? வா, அந்தம்மாட்ட சொல்லிட்டுப் போவோம்."

அவள் இத்தனை மாதமும் தவணையில் உட்கார்ந்திருந்தாள். வாசல்படியில் ஆட்டை விரட்டிவிட்டு அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இரிக்கான், அவகாசம், உரிமை, நான் சொன்ன பொய், எல்லாம்.

"நான் ஒண்ணு கேட்டேன். நீ வேற ஒண்ண வாங்கிக் குடுத்துருக்க," என்றாள். குரலில் கோபம் இருந்தது, நியாயமான கோபம். "ஊரு முழுக்க என்னய தைரியக்காரின்னு சொல்லுதாவ. நான் கெஞ்சுனவ பிள்ள. அது ஒனக்கு மட்டுந்தான் தெரியும்."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் போகவும் இல்லை. எட்டாம் நாள், ஸ்டிக்கர் ஒட்டியபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ரெண்டு அவகாசத்துல எது பெருசு? நம்மளதா, அவங்களதா?"

"அவங்களதுதான் அக்கா."

"அதுக்குத் தேதி கெடையாதா?"

"கெடையாது," என்றேன். "உரிமைக்கு ஏது தேதி?" இருபத்திரண்டு வயதில் அப்படி அடித்துச் சொல்ல ஒருத்திக்கு எவ்வளவு தைரியம்! அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் அக்கா மாறினாள். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்டது அவள். பொடி பறக்கிற மேசையில் துணி மாஸ்க் வேண்டும் என்று கேட்டது அவள். தமிழிலேயே கேட்பாள், நான் மலையாளத்தில் சொல்வேன், இந்த முறை எதையும் மாற்றாமல். படத்தில் இருந்த தைரியக்காரியைப் பார்த்துப் பார்த்து அவளே அப்படி ஆகிவிட்டாள் போலிருக்கிறது. நான் புத்தகம் படித்துப் பட்டம் வாங்கியதெல்லாம் பின்னால் நடந்தது. இன்று கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் தமிழ் ஆட்களுக்கு நான் செய்யும் மொழிபெயர்ப்பு வேலைக்கு அந்தப் பாக்கிங் ஹால்தான் பள்ளிக்கூடம்.

ஆறு வருஷம் அப்படிப் போயிற்று. சேச்சிக்கு உடம்பு முடியாமல் போயிற்று. ஹாலுக்கு வருவது வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆயிற்று. பிள்ளைகள் வெளிநாட்டில். கம்பெனியை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்று ஒருநாள் தெரிந்தது. வாங்கியவர்கள் பெயரை வைத்துக்கொள்வார்கள், ஸ்டிக்கரை வைத்துக்கொள்வார்கள், வருஷத்துக்கு ஒரு காரியத்துக்குக் கொடுப்பதையும் வைத்துக்கொள்வார்கள். அதையெல்லாம் சேச்சி எழுத்தில் வாங்கியிருந்தார். பாக்கிங் மட்டும் வைட்டிலாவைத் தாண்டி எங்கோ மிஷினுக்குப் போகிறது. எங்களுக்குக் கொடுக்க வேண்டியதையெல்லாம் ஒழுங்காகவே கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. நானும் மற்ற பெண்களும் சின்ன வயதுக்காரிகள், எங்காவது ஒட்டிக்கொள்வோம். அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல். வீட்டுக்காரர் படுக்கையில். மகள் வேலைக்குப் போன இடத்தில் அவளுக்கே சரியாக இருந்தது. அந்தக் காலோடு, நிற்கச் சொல்கிற வேறு எந்த இடத்தில் அவளை எடுப்பார்கள்?

"தேதி கெடையாதுன்னியே பிள்ள," என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். கேலியாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மிச்சமிருந்த எல்லா நிறமும் அன்று ஒன்றாக வந்தன: பச்சை, ஊதா, மஞ்சள், ஆரஞ்சு. கையில் கிடைத்ததை ஒட்டினோம். மத்தியானம் சேச்சி வந்தார். கையில் ஊன்றுகோல். நல்ல செருப்பு போட்டிருந்தார், டாக்டர் சொல்லியிருப்பார். கதவில் அவரைக் கண்டதும் நாங்கள் எல்லோரும் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றோம். அத்தனை வருஷத்தில் அவருக்காக நாங்கள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

சேச்சிக்கு அது புரிந்தது. ஊன்றுகோல் இல்லாத கையைப் பழைய மாதிரியே தாழ்த்திக் காட்டினார்.

"இரிக்கூ, இரிக்கூ."

எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா உட்காரவில்லை. கோபமாக இல்லை, மனு கொடுப்பவளைப் போலவும் இல்லை. தெரிந்த ஒருவரிடம் வழி கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"இரு இருங்கிய. இனி எங்க இருக்க?"

சேச்சி என் பக்கம் திரும்பினார். முற்றத்தில் திரும்பிய அதே திரும்பல். "மோளே, எந்தா பறஞ்சது?"

எங்கே உட்காருவது என்று கேட்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஸ்டூலைக் காட்டியிருப்பார், எல்லோரும் சிரித்திருப்போம், அந்த நாள் லேசாக முடிந்திருக்கும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மாற்றிச் சொன்னவளுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும்.

"இனி எவிடெப் போயி நில்க்குமெந்நா சோதிச்சது," என்றேன்.

இனி எங்கே போய் நிற்பாள் என்று கேட்கிறாள். சேச்சி அக்காவின் ஸ்டூலை இழுத்து, அதில் மெதுவாக உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாயில் வராத சொல்லை அன்று நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் சொல்லியிருந்தேன். சரியான மொழிபெயர்ப்பில் அக்கா மறுபடியும் நின்றுகொண்டிருந்தாள்.